ஊசி போட்டும் குதிரைக்கு ஏன் வந்துச்சு? – லாயம் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், "ஊசி போட்டோம் சார், ஆனாலும் வந்துடுச்சு, கேட்டா ஸ்ட்ரெயின் மாறிடுச்சுங்கறாங்க"ன்னு. ஸ்ட்ரெயின்னா ஒரே கிருமியோட உள்வகை. சில நோயில அது நெசம், சில நோயில அது சும்மா சமாளிப்பு. எது எதுன்னு கேள்வி வந்த வரிசையிலயே பாத்துடலாம். குதிரை வளக்காதவங்களும் படிக்கலாம், தப்பில்ல.

கேள்வி: டாக்டர் சார், நான் இங்கிலாந்துல நியூமார்க்கெட் பக்கம் ஒரு ரேஸ் லாயத்துல நாலு வருஷமா வேலை பாக்கறேன், அப்பா கிண்டியில குதிரை பராமரிக்கற சைஸா இருந்தவர். இங்க ஒரு பொட்டைக் குதிரைக்கு போன அக்டோபர்ல ஸ்ட்ராங்கிள்ஸ் (தாடை, தொண்டை நெறி வீங்கி சீழ் கட்டற நோய்) ஊசி ரெண்டு டோஸும் தசையில போட்டு முடிச்சாச்சு, இந்த ஏப்ரல்ல தாடைக்கு கீழ வீங்கி சீழ் ஒடைச்சிக்கிச்சு. ஆளாளுக்கு "புது ஸ்ட்ரெயின், ஊசி கேக்காது"ங்கறாங்க. உண்மையா?

பதில்: தம்பி, பதில் உங்க கேள்விக்குள்ளயே இருக்கு. அக்டோபர்ல ஊசி, ஏப்ரல்ல சீழ், நடுவுல ஆறு மாசம். தசையில போட்டதுன்னா அது ஸ்ட்ராங்வாக்ங்கற ஊசியாத்தான் இருக்கும், சுவீடன் கம்பெனியோடது, ஐரோப்பாவுல 2021ல அனுமதி கெடச்சுது. அனுமதி வாங்கினப்போ குறிப்புத்தாள்ல பாதுகாப்பு எத்தனை நாள்னு போட்டிருந்தாங்க தெரியுமா, ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் 2 மாசம். ரெண்டே மாசம். அதுக்கு மேல தாக்குப்பிடிக்கணும்னா மறுபடி டோஸ் போயிருக்கணும், அத யாரும் செய்யல போல. இன்னொண்ணு, அந்த தாளை திரும்ப எடுத்து நிதானமா படிங்க, காய்ச்சலை, இருமலை, முழுங்க முடியாத கஷ்டத்தை, கட்டியோட எண்ணிக்கையை "குறைக்க"ன்னுதான் இருக்கும், "வராம தடுக்க"ன்னு இருக்காது. உங்க பொட்டைக்கு கட்டி ஒண்ணு வந்து ஒடைஞ்சதோட போச்சுன்னா ஊசி ஒண்ணுமே செய்யலன்னு கூட சொல்லிட முடியாது.

சரி, ஸ்ட்ரெயின் கதைக்கு வருவோம். கிருமி பேரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை. 1888ல ஷூட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் பிரிச்செடுத்தார், நோய் அதைவிட ரொம்ப பழசு, 1251லயே ஜோர்டானஸ் ரூஃபஸ் எழுதி வெச்சிருக்கார். இந்த கிருமியோட மேல்பரப்புல நீட்டிக்கிட்டு இருக்கற எஸ்இஎம்னு ஒரு புரோட்டீன் உண்டு, குதிரை ரத்தத்துல இருக்கற ஃபைப்ரினோஜனை இழுத்து மேல போத்திக்கிட்டு வெள்ளை அணு கண்ணுல படாம தப்பிக்கிற வேலையை பாக்கறது இதுதான். இதோட நுனி மட்டும் எடத்துக்கு எடம் கொஞ்சம் மாறும், அந்த நுனியை வெச்சு நூத்துக்கு மேல வகை எண்ணி நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. நூறு வகைன்னு காதுல விழுந்ததும்தான் ஜனங்க பயந்துடறாங்க. ஆனா நுனியை விட்டுட்டு மொத்த ஜீனோமையும், அதாவது கிருமியோட எல்லா ஜீனையும் சேத்து பாருங்க, 19 நாட்டுல இருந்து 670 சாம்பிளை வெச்சு 2021ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, பாத்தா எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க, நேத்து பிரிஞ்ச பங்காளிங்க மாதிரிதான் இருக்கு, குதிரையோடவே கண்டம் விட்டு கண்டம் பிளேன் ஏறி போய்ட்டு வந்துக்கிட்டு இருக்கு.

இதை ஜீனோம் தெரியாதவங்களும் புரிஞ்சிக்க ஒரு வழி இருக்கு. ஸ்ட்ராங்கிள்ஸ் வந்து தானா தேறுன குதிரையில 75 சதவீதத்துக்கு 5 வருஷமோ அதுக்கு மேலயோ மறுபடி வராது. ஸ்ட்ரெயின் மாத்தம்தான் எல்லாத்துக்கும் காரணம்னா இது நடக்கவே கூடாது இல்லையா, ஒரு ஸ்ட்ரெயின்ல தேறினது அடுத்த ஸ்ட்ரெயின்ல விழணுமே. விழறதில்ல. அப்ப நோய் குடுக்கற எதிர்ப்பை ஊசி ஏன் குடுக்க மாட்டேங்குதுங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

அதுக்கு காரணம் கிருமி நொழையற வாசல். வாய், மூக்கு வழியா வந்து சில மணி நேரத்துல டான்சிலைத் தாண்டி நெறிக்குள்ள போய் உக்காந்துக்கும். ரத்தத்துல எவ்வளவு ஆன்டிபாடி இருந்தாலும் வாசல்ல காவல் இல்லன்னா பிரயோஜனம் கம்மி. சுத்தமான எஸ்இஎம் புரோட்டீனை மட்டும் எடுத்து குதிரைக்கு குத்திப் பாத்தாங்க, ரத்தத்துல ஆன்டிபாடி எகிறுச்சு, ஆனா கிருமியை குடுத்ததும் குதிரைங்க படுத்துடுச்சு. கிருமியில இருந்து பிழிஞ்செடுத்த பழைய வாக்சின் நோய் வர்ற குதிரை எண்ணிக்கையை ஏறக்குறைய பாதியாக்கும், அவ்வளவுதான், குத்தின எடத்துல கட்டி வேற. அமெரிக்காவுல மூக்குல விடற லைவ் வாக்சின் இருக்கு, 1981ல நியூயார்க்ல எடுத்த சிஎஃப்32ங்கற ஸ்ட்ரெயினை கெமிக்கல் போட்டு மேல் உறையை எடுத்து செஞ்சது, இது வாசல்லயே காவல் வெக்கற ஐடியா, ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா உயிருள்ள கிருமி இல்லையா, மூக்குல விட்ட அதே கையால அன்னைக்கே கழுத்துல வேற ஊசி போட்டீங்கன்னா அந்த எடத்துல சீழ்கட்டி வந்து நிக்கும், அதனால மத்த ஊசியெல்லாம் வேற நாள்ல போடணும்னு விதி. நியூசிலாந்துல அந்த வாக்சின் கிருமியே நோயா வந்ததை 2015ல காட்டியிருக்காங்க. பாருங்க, ஸ்ட்ரெயின் டைப்பிங் உண்மையில கை குடுக்கறது இந்த மாதிரி எடத்துலதான், வந்தது வெளிய இருந்து வந்த கிருமியா நாமளே மூக்குல விட்டதான்னு அது பிரிச்சு சொல்லிடும்.

உங்க பொட்டைக்கு போட்ட புது ஊசியில உயிருள்ள கிருமி கிடையாது, 8 புரோட்டீனோட துண்டுகளை ஒட்டி செஞ்சது, ஆடி ஆடி மாறற எஸ்இஎம் நுனியை அதுல சேக்கவே இல்ல. அதனால ஸ்ட்ரெயின் மாறிடுச்சுன்னு அந்த ஊசி மேல பழி போடறது இன்னும் கஷ்டம். எஸ்இஎம் இல்லாததால இன்னொரு லாபம், ஊசி போட்ட குதிரைக்கும் ரத்த டெஸ்ட் எடுத்தா உண்மையிலேயே கிருமி பட்டிருக்கான்னு பாக்கலாம், ஊசி அதை கொழப்பாது. இந்த ஆராய்ச்சியில பெரும்பகுதி உங்க ஊருக்கு பக்கத்துலயே அனிமல் ஹெல்த் டிரஸ்ட்ல நடந்ததுதான், 2020ல பணம் இல்லாம அதை மூடிட்டாங்க, எனக்கு அது இன்னும் ஆறல.

அப்ப ஸ்ட்ரெயின் மாறவே மாறாதான்னா, மாறும், ஆனா நீங்க பாக்காத எடத்துல. குதிரைக்கு தொண்டைக்கு மேல ரெண்டு பக்கமும் காத்துப்பை ஒண்ணு ஒண்ணு இருக்கு. தேறுன குதிரையில ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு அந்த பைக்குள்ள சீழ் கொஞ்சம் தங்கி, காஞ்சு, உருண்டு, புளியங்கொட்டை மாதிரி கெட்டியாகி கெடக்கும். அந்த உருண்டைக்குள்ள கிருமி மாசக்கணக்கா வருஷக்கணக்கா குடியிருக்கும். அங்க குடியிருக்கற கிருமி மெதுவா ஜீனை இழந்துக்கிட்டே வரும், சில சமயம் எஸ்இஎம் புரோட்டீன்லயே ஒரு துண்டு போயிருக்கும், அதாவது கிருமியே கொஞ்சம் சோம்பேறி ஆயிடும், ஆனா தொத்தறதை விடாது. அதனால தம்பி, உங்க பொட்டைக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடணும்னா புது ஸ்ட்ரெயினை தேடாதீங்க, நல்லா தின்னுக்கிட்டு நல்லா ஓடிக்கிட்டு இருக்கற பழைய குதிரைங்களோட காத்துப்பையை எண்டோஸ்கோப் விட்டு கழுவி அந்த தண்ணியை பிசிஆர் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: ஐயா, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு குதிரை வாங்கி வந்தேன். பத்தாம் நாள் மூக்குல கெட்டி சளி, தாடைக்கு கீழ எலுமிச்சங்கா அளவு வீக்கம். ஊர்ல பெரியவங்க தொண்டை அடைப்பான்ங்கறாங்க. மாட்டுக்கு போடற தொண்டை அடைப்பான் ஊசியையே இதுக்கும் போட்டுடலாமா, இல்ல பென்சிலின் போதுமா?

பதில்: போடாதீங்க. பேரு ஒட்டுதே தவிர நோய் வேற, கிருமி வேற. மாட்டுக்கு வர்ற தொண்டை அடைப்பான் பாஸ்சுரெல்லா மல்டோசிடாவால வர்றது. அதுல வகை மாறினா நெசமாவே விஷயம் மாறிடும், நம்ம ஆசியா பக்கம் பி (B) வகை, ஆப்பிரிக்காவுல ஈ வகையும் உண்டு, நம்ம நாட்டு ஊசி பி52 (P52)ங்கற நம்ம ஊரு ஸ்ட்ரெயினை வெச்சு செஞ்சது. அது நம்ம எருமைக்கும் மாட்டுக்கும் அருமையான ஊசி, உங்க குதிரை தாடையில இருக்கற ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது.

முதல்ல ஒரு விஷயத்தை உறுதி பண்ணணும், இதை தள்ளிப் போடாதீங்க. மூக்குல சளின்னா நம்ம நாட்டுல கிளாண்டர்ஸ்ங்கற நோயும் இருக்கு, கால்லயும் உடம்புலயும் தோலுக்கு கீழ வரிசையா முடிச்சு முடிச்சா வந்து ஒடைஞ்சு புண்ணானா சந்தேகம் இன்னும் கூடுது. அதுக்கு ஊசியே இல்ல, மனுசனுக்கும் தொத்தும், சட்டப்படி சொல்லியே ஆகணும், ரத்த மாதிரி ஹிசார்ல இருக்கற தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு போகும். அதனால கவர்மெண்ட் கால்நடை டாக்டரை கூப்பிட்டு காட்டுங்க, அவர் வர்ற வரைக்கும் அந்த குதிரையோட தண்ணி பக்கெட்டை வேற எதுக்கும் குடுக்காதீங்க, சளியை வெறுங்கையால தொடைக்காதீங்க.

அது இல்ல, ஸ்ட்ராங்கிள்ஸ்தான்னா, பென்சிலின் கேள்விக்கு என் சொந்தக் கதையை சொல்றேன். வேலைக்கு சேந்த புதுசு, மலையில போஸ்டிங், ஒரு மட்டக்குதிரைக்கு இதே எலுமிச்சங்கா வீக்கம். வந்த வேகத்துல பென்சிலின் போட்டேன், நாலு நாள் போட்டேன். வீக்கம் கல்லு மாதிரி இறுகி நின்னுக்கிச்சு, பழுக்கவும் இல்ல அமுங்கவும் இல்ல, ஊசியை நிறுத்தினதும் மறுபடி ஏற ஆரம்பிச்சது. அந்த குதிரைக்காரர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, துணியை சுடுதண்ணியில முக்கி பிழிஞ்சு காலையும் சாயங்காலமும் ஒத்தடம் குடுத்தார், ஒரு வாரத்துல மேல முடி உதிந்து தோல் மெத்துன்னு ஆகி, நான் பக்கத்துல நிக்கும்போதே குதிரை தலையை ஒரு ஆட்டு ஆட்டுச்சு, சீழ் கால் டம்ளர் இருக்கும், என் சட்டை மேல. மஞ்சளா தயிர் மாதிரி. அடுத்த நாளே கொள்ளு தின்னுச்சு. பென்சிலினை இந்த கிருமி இன்னும் எதுத்து நிக்கலை, மருந்து நல்ல மருந்துதான், ஆனா கட்டி கட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டா பழுக்கறதை தள்ளிப் போடும், காய்ச்சல் வந்த அன்னைக்கே போட்டு அடக்கினா உடம்பு எதிர்ப்பை கத்துக்காது, அடுத்த மாசமே மறுபடி வரலாம். மூச்சு அடைக்குது, தண்ணி கூட இறங்கலன்னா அப்ப யோசிக்கவே கூடாது, போட்டே ஆகணும். இதெல்லாம் பக்கத்துல இருந்து பாக்கற டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.

அடுத்த வருஷம் சந்தையில வாங்கினா நேரா லாயத்துல கட்டாதீங்க, மூணு வாரம் தள்ளி கட்டுங்க, தெனம் ரெண்டு வேளை தெர்மாமீட்டர் வைங்க. காய்ச்சல்தான் முதல்ல வரும், சளியில கிருமி வெளிய வர அதுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் ஆகும், அந்த இடைவெளியில பிரிச்சு கட்டிட்டீங்கன்னா மத்த குதிரை தப்பிச்சிடும். ஊசி தேடறதை விட ஒரு தெர்மாமீட்டர் மேல்.

கேள்வி: ஊட்டியில சவாரி குதிரை வெச்சிருக்கேன். டெட்டனஸ் ஊசி வருஷா வருஷம் போடறோம். ஃப்ளூ ஊசி மாதிரி இதுலயும் ஸ்ட்ரெயின் மாத்தி மாத்தி வருமா?

பதில்: வராது, நிம்மதியா இருங்க. ரணஜன்னியில கிருமி ஆயிரம் ரகம் இருந்தாலும் ஆளைக் கொல்றது அது கக்கற விஷம், அந்த விஷம் உலகம் முழுக்க ஒரே அச்சு. ஊசி அடிக்கறது கிருமியை இல்ல, விஷத்தை. அதனாலதான் குதிரை ஊசியிலயே நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பறது இது ஒண்ணுதான், லாடம் அடிக்கறப்ப ஆணி ஏறினாலும் மானம் காக்கும். குதிரை இந்த விஷத்துக்கு ரொம்ப பலவீனமான ஜாதி, ஒரு வருஷம் கூட விட்டுடாதீங்க.

ஆனா விஷத்தை அடிக்கற ஊசின்னா எல்லாமே இப்படித்தான்னு நெனச்சிடாதீங்க. இதே குடும்பத்துல பாட்டுலிசம்னு ஒண்ணு, அது கக்கற விஷம் ஏ, பி, சின்னு பல வகை. அமெரிக்காவுல குதிரைக்கு இருக்கறது பி வகைக்கான ஊசி மட்டும். கென்டக்கி பக்கம் குட்டிக்குதிரைங்க நடுங்கி நடுங்கி விழறது பெரும்பாலும் பி வகையால, அங்க அந்த ஊசி தெய்வம். செத்த எலியோ பறவையோ வைக்கோல் கட்டுல மாட்டி சி வகை வந்தா அதே ஊசி வெறும் தண்ணி. பாட்டில்ல பேரு ஒண்ணுதான் போட்டிருக்கும், எழுத்து எதுன்னு பாக்கணும்.

கேள்வி: நாங்க அமெரிக்காவுல மேரிலாண்ட்ல இருக்கோம், பொண்ணு ஆசைப்பட்டான்னு ஒரு குதிரை வாங்கி பக்கத்து பண்ணையில விட்டிருக்கோம். பொட்டோமேக் காய்ச்சலுக்கு ஊசி போட்டும் போன ஆகஸ்ட்ல பேதி, காய்ச்சல், அப்புறம் கால் குளம்புல பிரச்சினை. அங்க உள்ள டாக்டர் "ஊசியில ஒரு ஸ்ட்ரெயின்தான், வெளிய நெறைய"ன்னார். அவரும் சமாளிக்கறாரா?

பதில்: இல்லம்மா, அவர் சொன்னது அச்சு அசல் உண்மை. ஸ்ட்ராங்கிள்ஸ்ல நான் ஒத்துக்காத காரணத்தை இதுல முழுசா ஒத்துக்கறேன்.

இந்த நோயே உங்க ஊரு நோய்தான், 1979ல பொட்டோமேக் ஆத்தங்கரையில, உங்க மேரிலாண்ட் பக்கம்தான் முதல்ல அடையாளம் தெரிஞ்சது. கிருமியை 1984ல வளத்தாங்க, இப்ப நியோரிக்கெட்சியா ரிஸ்டிசின்னு பேரு. ஊசி அந்த காலத்து ஒரே ஒரு ஸ்ட்ரெயினை வெச்சு செஞ்சது. வெளிய வயல்ல 14க்கு மேல ஸ்ட்ரெயின் சுத்துது, மேல்பரப்பு புரோட்டீனெல்லாம் ஒண்ணுக்கொண்ணு நல்லாவே வேற. லேப்ல சோதனை பண்ணினப்ப 78 சதவீதம் மட்டக்குதிரையை காப்பாத்துச்சு, பண்ணையில போட்டா ஏதோ கொஞ்சம்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, லேப்ல ஊசியில இருக்கற அதே மாதிரி கிருமியை குடுத்து பாப்பாங்க, பண்ணையில பூச்சி எதை கொண்டு வருதோ அது. போதாக்குறைக்கு ஊசி போட்டும் சில குதிரைக்கு ஆன்டிபாடியே சரியா வர்றதில்ல, அதையும் சேத்துக்கங்க. 2020ல கதை இன்னும் பெருசாச்சு, கனடாவுல ஒன்டாரியோ குதிரைங்க ரத்தத்துல இருந்து எடுத்த கிருமி வேற ஸ்ட்ரெயின் கூட இல்ல, வேற இனமே, நியோரிக்கெட்சியா ஃபிண்ட்லேயென்சிஸ்னு புதுப்பேரு வெச்சாங்க, அதுவும் அப்படியே இதே நோயை குடுக்குது.

அப்ப ஊசியை விட்டுடலாமான்னு கேப்பீங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, டாக்டர் போடச் சொன்னா வெயில் காலம் தொடங்கறதுக்கு முன்னாடி போட்டுக்கங்க, ஆனா அதை நம்பி தூங்கிடாதீங்க. கிருமி வர்ற வழி இது: ஆத்துல, ஓடையில நத்தை, நத்தைக்குள்ள தட்டைப்புழு, புழுவுக்குள்ள கிருமி, அது தண்ணியில இருக்கற மேஃப்ளை, காடிஸ்ஃப்ளைங்கற பூச்சிக்குள்ள போயிடும். நம்ம ஊர்ல மழைக்கு ஈசல் வந்து விளக்கடியில குமியுமே, அதே மாதிரி இந்த பூச்சிங்க ராத்திரி லாயத்து லைட்டுக்கு வந்து செத்து தொட்டியில, தீவனத்துல விழும், குதிரை அதையும் சேத்து தின்னுடும். ஆகவே பண்ணைக்காரர்கிட்ட ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் ராத்திரி லாயத்துல லைட்டை அணைக்கச் சொல்லுங்க, தீவனத்தொட்டியை மூடச் சொல்லுங்க. லைட்டை அணைக்கறதுக்கு ஸ்ட்ரெயின் வித்தியாசம் கிடையாது பாருங்க. காய்ச்சல் வந்த உடனே ஆக்சிடெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா எல்லா ஸ்ட்ரெயினும் அடங்கும், குளம்பு வரைக்கும் போன பிறகுதான் கஷ்டம். குளம்பை குளிர்ல வெக்கறது பத்தி அந்த டாக்டரே சொல்லியிருப்பார்னு நெனக்கறேன். குதிரை இப்ப எப்படி இருக்குன்னு எழுதலையே, எழுதுங்க.

கேள்வி: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவன் சார். எல்லா குதிரை தொண்டையிலயும் சாதாரணமா இருக்கற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஜூஎபிடெமிகஸ் எப்படி கொள்ளைநோய் ஆகும்? பாடத்துல சந்தர்ப்பவாதின்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

பதில்: ஐஸ்லாந்தை படிங்க தம்பி, அதை விட நல்ல பாடம் இல்ல. அந்த தீவுக்கு வெளிய இருந்து குதிரையை கொண்டு போகவே முடியாது, சட்டம் அப்படி, அங்க பொறந்த குதிரை போட்டிக்கு வெளிநாடு போனாலும் திரும்பி வர முடியாது. அதனால ஸ்ட்ராங்கிள்ஸ் மாதிரி பல நோயை அந்த குதிரைங்க பாத்ததே இல்ல. 2010 ஏப்ரல்ல இருமல் ஆரம்பிச்சது, சில மாசத்துல நாட்டுல இருந்த ஏறக்குறைய 77,000 குதிரையும் இருமிக்கிட்டு நின்னுச்சு. பெரிய தேசிய குதிரைத் திருவிழாவையே அந்த வருஷம் நிறுத்திட்டாங்க, ஏற்றுமதியும் நின்னுச்சு. எல்லாரும் வைரஸ் வைரஸ்னு தேடி ஒண்ணும் கிடைக்கல, சளியில வர்றது பூரா இந்த ஜூஎபிடெமிகஸ்தான், அது எல்லா குதிரையிலயும் இருக்கறதுதானேன்னு ஆரம்பத்துல விட்டுட்டாங்க. அப்புறம் ஜீனோமை வரிசைப்படுத்தி பாத்தா எஸ்டி209ங்கற ஒரே ஒரு ரகம் தீவு முழுக்க பரவியிருக்கு. அது பரவத் தொடங்கின எடத்தை கூட தேடிப் போனாங்க, ஒரு பயிற்சி மையத்துல குதிரையை தண்ணிக்குள்ள நடக்க விடற மெஷின், ஒரு குதிரை மூக்கை விட்ட தண்ணியில அடுத்த குதிரையும் மூக்கை விடுது, அங்க பயிற்சி முடிச்ச குதிரைங்க நாடு முழுக்க அவங்கவங்க பண்ணைக்கு போச்சு.

நீங்க கவனிக்க வேண்டியது, இனத்தோட பேரை மட்டும் வெச்சு "இது சாதாரணமா இருக்கறதுதான்"னு ரிப்போர்ட் எழுதினா இந்த மாதிரி ஒரு ரகம் கண்ணு முன்னாடியே போயிடும். இன்னொண்ணும் தேர்வுக்கு இல்லாட்டியும் மனசுல வெச்சிக்கங்க, ஸ்ட்ராங்கிள்ஸ் கிருமியே ஒரு காலத்துல ஜூஎபிடெமிகஸா இருந்து பிரிஞ்சதுதான். 2009ல ஜீனோம் வந்தப்ப தெரிஞ்சது, வைரஸ் கொண்டாந்து போட்ட ஜீன் வழியா நாலு சூப்பர் ஆன்டிஜன் (உடம்போட எதிர்ப்பு சக்தியை தாறுமாறா கிளப்பி விடற விஷம்), இரும்பை இழுத்துக்கறதுக்கு ஈக்விபாக்டின்னு ஒரு ஏற்பாடு, இதெல்லாம் வந்து சேந்துக்கிச்சு, கூடவே பழைய ஜீன்ல பலதை தொலைச்சிடுச்சு. குதிரையைத் தவிர வேற பொழப்பு தெரியாத கிருமியா மாறிடுச்சு.

கேள்வி: குதிரை சளி மூலமா எனக்கும் என் குழந்தைக்கும் தொத்துமா? – கொடைக்கானல் வாசகி

பதில்: ஸ்ட்ராங்கிள்ஸ்னா பயப்பட ஒண்ணும் இல்ல, மனுசனுக்கு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். மேல சொன்ன ஜூஎபிடெமிகஸ் வரலாம், ஐஸ்லாந்துல மனுசங்களுக்கும் வந்தது. கிளாண்டர்ஸ் பத்தி அந்தியூர் வாசகருக்கு சொன்னதை படிச்சிக்கங்க. மத்தபடி சவாரி முடிஞ்சதும் கை கழுவிட்டு சோளத்தை கடிங்க, கழுவாம கடிக்கறதுதான் அங்க தெனம் நான் பாக்கறது.

கேள்வி: போன இதழ்ல "குதிரைக்கு எலிக்காய்ச்சல் ஊசி இருக்கு"ன்னு எழுதினீங்க. அதை நம்பி நாலு எடத்துல கேட்டு அசிங்கப்பட்டேன். எங்கயும் இல்ல.

பதில்: என் தப்பு, மன்னிச்சிடுங்க. இருக்குன்னு எழுதினேன், எங்க இருக்குன்னு எழுதல. அது அமெரிக்காவுல 2015ல வந்த ஊசி, அதுவும் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவுல பொமோனாங்கற ஒரே செரோவாருக்கு (உள்வகைக்கு) மட்டும், ஏன்னா அங்க குதிரைக்கு கரு கலையறதுக்கும் கண்ணு போறதுக்கும் முக்கியமா காரணம் அதுதான். ஐரோப்பாவுல குதிரை கண்ணை கெடுக்கறது பெரும்பாலும் கிரிப்போடைபோசான்னு வேற ஒண்ணு. நோய் உண்டாக்கற செரோவாரே மொத்தம் 250க்கு மேல இருக்கு, ஒண்ணுக்கு போட்ட ஊசி இன்னொண்ணுக்கு பெருசா கை குடுக்காது. அதனால யாராவது வெளிநாட்டுல இருந்து வாங்கி வந்து குடுத்தாலும், உங்க குதிரையோட ரத்தத்தை முதல்ல லேப்ல குடுத்து எந்த செரோவார்னு பாருங்க, பொமோனா இல்லன்னா அந்த காசுக்கு தீவன அறையில எலி நொழையற ஓட்டையை அடைங்க.